வீதியும் உரிமையும்: நீதிமன்றத் தடையாணையை வாசித்து அறிவது எப்படி?

சபையின் மொழிபெயர்ப்புச் சேவையை நாடி நூலகத்துக்கு வரும் தமிழர்கள் பெரும்பாலும் கொண்டுவருவன வீட்டு வாடகைக் கடிதங்கள், சபைவரி அறிவித்தல்கள், பாடசாலை அனுமதிப் படிவங்கள் ஆகியனவே. சில மாதங்களுக்கு முன்னர் ஒரு தாயார் வேறு வகையான தாள்களைக் கொண்டுவந்தார். முகப்பில் உயர் நீதிமன்றத்தின் முத்திரை. அதன் கீழ்த் தடித்த எழுத்துகளில், ஆணையை மீறுவோர் சிறையிடப்படலாம் என்னும் எச்சரிக்கை. பல்கலைக்கழகத்தில் பயிலும் அவருடைய மகன் நெடுஞ்சாலைச் சந்திப்பொன்றின் அருகே நடைபெற்ற ஆர்ப்பாட்டத்துக்குச் சென்றவேளை ஒருவர் அத்தாள்களை அவன் கையிற் கொடுத்துச் சென்றிருக்கிறார்.

“ஐயா, இது பிடியாணையோ? பிள்ளையை நாடு கடத்திப்போடுவினமோ? கையெழுத்து வைக்காமல் திருப்பி அனுப்பினால் செல்லாது எண்டு இவர் சொல்லுறார்” என்று அத்தாயார் ஒரே மூச்சில் மூன்று கேள்விகளைக் கேட்டார்.

அம்மூன்று கேள்விகளும் அவர் ஒருவருடையன அல்ல. நம்மவர் பலரிடம் அதே அச்சமும் அதே தவறான நம்பிக்கையும் உள்ளன. ஆகவே அன்று அவருக்குக் கூறியவற்றை விரித்து இங்கே பாடமாகத் தருகிறோம். இக்கட்டுரை இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய சட்டத்தையே விளக்குகிறது. ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் நடைமுறை வேறு. எந்தப் போராட்டத்தின் நோக்கத்தையும் சபை இங்கு ஆதரிக்கவோ எதிர்க்கவோ இல்லை. தங்கள் கையில் உண்மையாகவே இத்தகைய ஆணை வந்துசேர்ந்தால், இதனை வாசித்ததோடு நில்லாது சட்டத்தரணி ஒருவரை நாடுதல் வேண்டும்.

1. ஒரு சொல், மூன்று பொருள்

ஆங்கிலத்தில் ‘இன்ஜங்ஷன்’ எனப்படுவதைத் தமிழில் தடையாணை என்றும் தடையுத்தரவு என்றும் எழுதுகிறோம். இச்சொல்லே முதற் குழப்பத்துக்குக் காரணம். தமிழ்நாட்டிலிருந்து வந்தவருக்குத் தடையுத்தரவு என்றதும் 144ஆம் பிரிவு நினைவுக்கு வரும். இலங்கையிலிருந்து வந்தவருக்கு, பொலிசாரின் கோரிக்கையின்பேரில் நீதவான் ஊர்வலத்தைத் தடுத்து விடுக்கும் கட்டளையும், அதனோடு சேர்ந்து ஊரடங்கும் நினைவுக்கு வரும். இவை யாவும் பொது அமைதியின் பெயரால் அரச அதிகாரம் மக்களுக்கு விதிக்கும் தடைகள்.

இந்நாட்டின் தடையாணை அடிப்படையில் வேறானது. அது குடிசார் நீதிமன்றத்தின் ஆணை. நில உரிமையாளர், நிறுவனம், நெடுஞ்சாலை அதிகாரசபை, உள்ளூராட்சி மன்றம் போன்ற ஒரு தரப்பு வழக்காளியாக நீதிமன்றத்துக்குச் சென்று, “எமது உரிமை மீறப்படுகிறது, அல்லது மீறப்படும் ஆபத்து உண்மையாகவே உள்ளது, அதனைத் தடுத்தருள்க” என்று கேட்கும்போது நீதிபதி அதனை வழங்குகிறார். அது பிடியாணை அன்று, குற்றத்தீர்ப்பும் அன்று. குறித்த இடத்தில் குறித்த செயலைச் செய்யாதே என்னும் கட்டளை மட்டுமே. ஆர்ப்பாட்டம் என்பதனையே அது தடைசெய்வதில்லை. இதுவே தாயாரின் முதற் கேள்விக்கு விடை.

2. உரிமையின் வேர்

அமைதியாக ஒன்றுகூடிக் கருத்துரைக்கும் உரிமை ஐரோப்பிய மனித உரிமைகள் உடன்படிக்கையின் 10ஆம், 11ஆம் உறுப்புரைகளில் உள்ளது. 1998ஆம் ஆண்டின் மனித உரிமைகள் சட்டம் அதனை இந்நாட்டு நீதிமன்றங்களில் நேரடியாகக் கோர வழி செய்தது. இவ்வுரிமை குடியுரிமை பெற்றவருக்கு மட்டும் உரியதன்று. விசாவில் வாழ்பவருக்கும் புகலிடம் கோரியவருக்கும் உண்டு. ஆயினும் அது வரம்பற்ற உரிமை அன்று. பிறருடைய உரிமைகளையும் பொது ஒழுங்கையும் காப்பதற்குத் தேவையான அளவிலும், அத்தேவைக்கு விகிதாசாரமாகவும் சட்டம் அதனைக் கட்டுப்படுத்தலாம்.

வீதி என்பது போக்குவரத்துக்கு மட்டுமே உரியதா? 1995ஆம் ஆண்டு ஸ்டோன்ஹெஞ்ச் அருகே வீதியோரப் புற்றரையில் அமைதியாகக் கூடிநின்றோர் சிலர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 1999இல் பிரபுக்கள் சபை அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. நியாயமான எந்த நோக்கத்துக்காகவும் பொது வீதியைப் பொதுமக்கள் பயன்படுத்தலாம். பிறர் வந்துபோகும் உரிமையை நியாயமற்ற முறையில் தடுக்காதவரை அமைதியான ஒன்றுகூடலும் அதில் அடங்கலாம் என்பது அதன் சாரம்.

ஓரிடத்தில் நின்று நடத்தும் கூட்டத்துக்கு முன் அறிவித்தல் பொதுவாகத் தேவையில்லை. ஊர்வலம் ஆயின், நாள், நேரம், வழி, ஒழுங்கமைப்பாளர் ஆகிய விபரங்களை முழுமையான 6 நாட்களுக்கு முன் காவல்துறைக்கு எழுத்தில் அறிவித்தல் வேண்டும். அவ்வாறு செய்ய இயலாத அவசரமாயின் இயன்றளவு விரைவில் அறிவிக்கலாம். வழமையாக நடைபெறும் ஊர்வலங்களுக்கும் இறுதி ஊர்வலங்களுக்கும் இவ்விதியில் விலக்கு உண்டு. கோவில் தேர்த்திருவிழாவுக்காக வீதியை மூடுவதற்குச் சபையிடம் பெறும் போக்குவரத்து ஆணை இதனின்று வேறானது. அதனை எப்போதும் பெற்றாக வேண்டும்.

இவ்விடத்தில் நமது அனுபவத்தையும் நினைவுகூரலாம். 2009 ஏப்ரல் 6ஆம் நாள் தமிழர்கள் நாடாளுமன்றச் சதுக்கத்தில் திரண்டபோது வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் மறிக்கப்பட்டது. அக்காலத்தில் நாடாளுமன்றச் சூழலில் ஆர்ப்பாட்டம் செய்வதற்கு முன் அனுமதி பெறவேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் சட்டம் கூறியது. அனுமதியின்றித் தொடங்கிய அவ்வொன்றுகூடல் சதுக்கத்தில் பல வாரங்கள் நீடித்தது. அந்த அனுமதி விதி 2011ஆம் ஆண்டின் சட்டத்தால் நீக்கப்பட்டது. ஆனால் ஒரு விதி தளர்ந்தது என்பதால் 2009இல் நடந்தது இன்றும் அவ்வாறே நடக்கும் என்று எண்ணலாகாது. மற்றைய விதிகள் மிகவும் இறுகியுள்ளன. அன்று அங்கு நின்ற பெற்றோர் இன்று தம் பிள்ளைகளுக்கு அறிவுரை கூறும்போது இந்த வேறுபாட்டை மனத்திற் கொள்ள வேண்டும்.

3. மறியல் குற்றமாவது எப்போது?

1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 137ஆம் பிரிவு, சட்டபூர்வ அதிகாரமோ காரணமோ இன்றி வீதியை வேண்டுமென்றே தடுப்பதைக் குற்றமாக்குகிறது. நெடுங்காலமாக இதற்குரிய தண்டனை தண்டப்பணம் மட்டுமே. 2022 மே மாதம் முதல் சிறைத்தண்டனையும் விதிக்கப்படலாம்.

‘சட்டபூர்வமான காரணம்’ என்னும் சொற்களே இப்பிரிவின் உயிர். 2017இல் கிழக்கு இலண்டனின் எக்செல் மண்டபத்தில் நடக்கவிருந்த ஆயுதக் கண்காட்சியை எதிர்த்து நால்வர் அதற்குச் செல்லும் வீதியின் ஒரு பக்கத்தில் தம்மைப் பிணைத்துக்கொண்டு படுத்தனர். வீதி சுமார் ஒன்றரை மணி நேரம் தடைப்பட்டது. முதலில் விசாரித்த நீதிபதி அவர்களை விடுவித்தார். மேன்முறையீட்டில் அது மாறியது. 2021 ஜூன் மாதம், ஸிக்லர் வழக்கு என அறியப்படும் தீர்ப்பில், உச்ச நீதிமன்றம் விடுதலையை மீண்டும் நிலைநிறுத்தியது. வேண்டுமென்றே தடுத்தது என்பதனால் மட்டும் உரிமை அற்றுப்போவதில்லை. எவ்வளவு நேரம், எவ்வளவு தடை, மாற்றுவழி இருந்ததா, எதிர்க்கப்படும் விடயத்துக்கும் அவ்விடத்துக்கும் தொடர்பு உண்டா என்பன யாவற்றையும் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்று அது கூறியது.

இதனை ‘மறியலுக்கு அனுமதி’ என்று வாசிப்பது பெரும் பிழை. லித்துவேனிய விவசாயிகள் 2003இல் உழவு இயந்திரங்களால் பிரதான நெடுஞ்சாலைகளை மறித்த வழக்கில், ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் பேராயம் 2015இல் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. போக்குவரத்தை வேண்டுமென்றே நிறுத்துவது ஒன்றுகூடும் உரிமையின் மையத்தில் உள்ளதன்று எனவும் அது குறிப்பிட்டது.

அதன்பின் இந்நாட்டில் புதிய குற்றங்கள் சேர்க்கப்பட்டன. பொதுத் தொல்லை என்பது 2022இல் 10 ஆண்டுகள் வரை சிறைக்குரிய நியதிச்சட்டக் குற்றமானது. 2023ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டம், தம்மைப் பிணைத்துக்கொள்வதையும், முக்கிய வீதிகள் போன்ற தேசிய உட்கட்டமைப்பில் குறுக்கிடுவதையும் தனிக் குற்றங்களாக்கியது. எம் 25 நெடுஞ்சாலையில் போக்குவரத்தைக் குலைக்கத் திட்டமிட்டதற்காக 2024 ஜூலையில் ஐவருக்கு 4 முதல் 5 ஆண்டுகள் சிறை விதிக்கப்பட்டது. 2025 மார்ச்சில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தண்டனைகளைக் குறைத்தது. எனினும் அவற்றுள் மிக நீண்டது 4 ஆண்டுகளாகவே நின்றது.

4. குற்றவியற் சட்டம் இருக்கத் தடையாணை எதற்கு?

2021 செப்டெம்பர் 13ஆம் நாள் ‘இன்சுலேட் பிரிட்டன்’ என்னும் குழுவினர் இலண்டனைச் சுற்றிச் செல்லும் எம் 25 நெடுஞ்சாலையில் அமர்ந்து மறிக்கத் தொடங்கினர். கைதாகி வெளிவந்தவர்கள் மீண்டும் வந்து அமர்ந்தனர். அக்காலத்தில் 137ஆம் பிரிவின் தண்டனை 1,000 பவுணுக்கு மேற்படாத தண்டப்பணம். வழக்குகள் விசாரணைக்கு வர மாதங்கள் ஆகும். நெடுஞ்சாலைகளை நிர்வகிக்கும் ‘நேஷனல் ஹைவேய்ஸ்’ நிறுவனம் உயர் நீதிமன்றத்தை நாடி, செப்டெம்பர் 21ஆம் நாளளவில் இடைக்காலத் தடையாணை பெற்றது. அதனை மீறி ஒக்டோபர் 8ஆம் நாள் வீதியில் அமர்ந்த ஒன்பதின்மருக்கு நவம்பர் 17ஆம் நாள் 3 முதல் 6 மாதங்கள் வரை சிறை விதிக்கப்பட்டது. செயல் நிகழ்ந்து ஆறு வாரங்களுள் சிறை! குற்றவியல் நீதிமன்றத்தில் தண்டப்பணத்தோடு முடிந்திருக்கக்கூடிய செயல், தடையாணை இருந்தமையால் சிறைக்கு இட்டுச்சென்றது. தடையாணையின் வலிமை இதுவே.

உள்ளூராட்சி மன்றங்களும் இவ்வழியை நாடுவதுண்டு. வீதியில் பொதுமக்களின் உரிமையைக் காக்கும் கடமை நெடுஞ்சாலை அதிகாரசபையாகிய மன்றத்துக்கு உண்டு. தன் பகுதி மக்களின் நலனுக்காக வழக்குத் தொடரும் அதிகாரம் 1972ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டத்தில் உள்ளது. 2022 ஏப்ரலில் வட வோர்விக்ஷயர் மன்றம் கிங்ஸ்பரி எண்ணெய்க் கிடங்கு தொடர்பில் இவ்வாறு தடையாணை பெற்றது.

இரு தரப்பு நியாயங்களையும் சொல்வது நமது கடமை. விரைந்த வீதியில் ஆட்கள் அமர்வதால் அவர்களுக்கும் ஓட்டுநருக்கும் உயிராபத்து. மருத்துவமனைக்கோ வேலைக்கோ செல்வோர் தம் பயணத்தை இழக்கின்றனர். மீண்டும் மீண்டும் நிகழ்வதை வேறு வழியால் நிறுத்த இயலவில்லை என்பர் தடையாணையை வேண்டுவோர். எதிர்ப்போர் கூறுவதும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று: எது செய்யலாகாது என்பதை வழக்காளியே வரைகிறார், எதிர்த்தரப்பு சமுகமளிக்காத நிலையிலேயே பெரும்பாலும் ஆணை பிறக்கிறது, யூரர்கள் இல்லை, ஆணையை எதிர்த்து வாதிட முன்வரும் மாணவர் ஒருவர் தோற்றால் வழக்குச் செலவையும் சுமக்க நேரலாம். அச்சத்தினால் எவரும் முன்வராத வழக்கில் உரிமையின் பக்கத்தை யார் பேசுவர் என்பது இன்றும் சட்டத்துறையில் பேசப்படும் கேள்வி.

5. ‘பெயர் அறியப்படாதோர்’ யார்?

அத்தாயாரின் தாள்களில் மகனுடைய பெயர் இருக்கவில்லை. பிரதிவாதி என்ற இடத்தில் ‘பெயர் அறியப்படாதோர்’ என்றும், அதனோடு அவர்கள் செய்யும் செயலின் விபரணையும் இருந்தன. “பெயர் இல்லையே, ஆகவே எங்களுக்குச் சம்பந்தமில்லை” என்பது இயல்பாக எழும் எண்ணம், அது தவறு. அவ்விபரணைக்குப் பொருந்தும் செயலை அவ்விடத்தில் நாளை எவர் செய்தாலும் அவர் அவ்வாணைக்கு உட்பட்டவராகிறார்.

வழக்கு நடந்தபோது களத்தில் இல்லாத எவரையும் ஆணை கட்டுப்படுத்துவது முறையா? வுல்வர்ஹாம்ப்டன் மாநகரசபை தொடர்பான வழக்கில் 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடையளித்தது. நாடோடிச் சமூகத்தினர் பற்றிய அவ்வழக்கில், இத்தகைய ஆணைகளை வழங்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்றும், ஆனால் கட்டாயமான தேவை நிரூபிக்கப்பட வேண்டும், இடமும் காலமும் வரையறுக்கப்பட வேண்டும், பாதிக்கப்படக்கூடியோருக்கு அறிவிக்க முயல வேண்டும், எவரும் வந்து ஆணையை மாற்றவோ நீக்கவோ கோர வாய்ப்பு இருக்க வேண்டும் என்றும் அது விதித்தது. ஆர்ப்பாட்டம் பற்றிய வழக்குகளும் இத்தீர்ப்பின் வழிகாட்டலை ஒட்டியே இன்று தீர்க்கப்படுகின்றன.

6. மீறினால் நேர்வது என்ன?

ஆணையை மீறுதல் நீதிமன்ற அவமதிப்பு ஆகும். அதற்கு 2 ஆண்டுகள் வரை சிறையும், தண்டப்பணமும், சொத்துக் கைப்பற்றலும் விதிக்கப்படலாம். குடிசார் வழக்காயினும் மீறலை நியாயமான ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு மௌனம் காக்கும் உரிமையும், சட்ட உதவி கோரும் உரிமையும், மொழிபெயர்ப்பாளரைக் கேட்கும் உரிமையும் உண்டு.

இனி, கையொப்பம் பற்றிய கேள்வி. ஊரில் அழைப்பாணையை வாங்க மறுத்தால் தப்பலாம் என்ற நம்பிக்கை பலரிடம் உண்டு. இங்கு அது உதவாது. ஆவணத்தைக் கையளிக்க வருபவருக்கு எவரும் கையொப்பம் இடவேண்டியதில்லை. வாங்க மறுத்தால், இன்னது என்று கூறி அருகில் வைத்துச் சென்றாலும் அது சேர்ப்பிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும். வீதியோர அறிவித்தற் பலகை, இணையத்தளம், மின்னஞ்சல் ஆகியவற்றின் மூலம் அறிவிக்கவும் நீதிமன்றம் அனுமதிக்கலாம். அவ்வாறு அனுமதித்த முறையில் அறிவித்தபின், “நான் பார்க்கவில்லை” என்பது தண்டனையைக் குறைக்க உதவலாமே தவிரப் பொதுவாக மீறலை இல்லாமற் செய்யாது.

நாடுகடத்தல் பற்றிய கேள்வியே தாயாரின் உறக்கத்தைக் கெடுத்தது. 2007ஆம் ஆண்டின் சட்டப்படி, பிரித்தானியக் குடியுரிமை இல்லாத ஒருவர் குற்றத்தீர்ப்பின்மேல் 12 மாதங்களோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றால், விதிவிலக்குகளுக்கு அமைய, நாடுகடத்தல் ஆணை பிறப்பிக்கப்படும். தடையாணையைக் கையிற் பெற்றமையால் இது நேராது. ஆணையை மீறிய குடிசார் அவமதிப்பும் குற்றத்தீர்ப்பாகக் கணிக்கப்படுவதில்லை. ஆயினும் அதே மறியலுக்குக் குற்றவியல் வழக்கும் தொடரப்படலாம் என்பதையும், குடியுரிமை விண்ணப்பத்தில் ‘நன்னடத்தை’ ஆராயப்படும் என்பதையும் மறத்தலாகாது. விசாவில் உள்ளோர் குடிவரவுச் சட்டத்தரணியிடமும் ஆலோசனை பெறுதல் நன்று.

7. தாளை வாசிக்கும் முறை

தடையாணை கையில் கிடைத்தால் பின்வரும் ஒழுங்கில் வாசியுங்கள்.

முதலாவது, பிரதிவாதிகள் யார் என்று பாருங்கள். பெயர்ப் பட்டியலில் தங்கள் பெயர் உண்டா, அல்லது விபரணையால் மட்டும் உட்படுகிறீர்களா?

இரண்டாவது, இடம். வீதிகளின் பட்டியலோ வரைபடமோ இணைக்கப்பட்டிருக்கும். ஒரே வீதியின் வாகனத்தடம் உட்பட்டும் நடைபாதை உட்படாமலும் இருக்கலாம்.

மூன்றாவது, செயல். ‘தடுத்தல்’, ‘ஒட்டிக்கொள்ளுதல்’, ‘மெதுவாக நடத்தல்’ எனத் தனித்தனியே பாருங்கள். சில ஆணைகள் பிறருக்கு உதவுவதையும் தூண்டுவதையும் சேர்த்தே தடுக்கும். அவ்வாறாயின் வட்ஸ்அப் செய்தி ஒன்றும் சிக்கலாகலாம்.

நான்காவது, காலம். இடைக்கால ஆணையா, இறுதி ஆணையா? எந்நாள்வரை? அடுத்த விசாரணை எப்போது?

ஐந்தாவது, மாற்றக் கோரும் உரிமை. பாதிக்கப்படும் எவரும் எத்தனை மணி நேர முன்னறிவித்தலுடன் நீதிமன்றத்தை அணுகலாம் என்று ஒரு பந்தி கூறும். தங்கள் தொழிற்சங்கமோ சமய அமைப்போ வழமையாகக் கூடும் இடம் தவறுதலாக உட்பட்டிருந்தால் இப்பந்தியே துணை.

ஆறாவது, தாளைப் பத்திரப்படுத்துங்கள். கிடைத்த நாளையும் நேரத்தையும் அதில் எழுதி வையுங்கள்.

8. சரியா, பிழையா?

(அ) தடையாணை கிடைத்தவர் குற்றவாளி. பிழை.
(ஆ) பெயர் இல்லாவிடினும் ஆணை கட்டுப்படுத்தலாம். சரி.
(இ) நோக்கம் நல்லதாயின் ஆணையை மீறலாம். பிழை. ஆணை பிழையெனக் கருதினால் அதனை மாற்றக் கோரலாம். அதுவரை பணிதல் வேண்டும்.
(ஈ) ஓரிடத்தில் ஆணை இருந்தால் நாடெங்கும் ஆர்ப்பாட்டம் செய்ய இயலாது. பிழை.

அடுத்த வாரம் அத்தாயார் மகனையும் அழைத்துவந்தார். நாங்கள் மூவரும் மேசையில் வரைபடத்தை விரித்து, சிவப்புக் கோட்டினால் குறிக்கப்பட்ட வீதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். சந்திப்பும் அதன் ஏறுபாதைகளும் கோட்டினுள் இருந்தன. நகரமண்டபத்தின் முன்னுள்ள நடைபாதை எந்தக் கோட்டினுள்ளும் இல்லை. மகன் அதனைத் தன் கைபேசியிற் படமெடுத்துக்கொண்டான். தாயார் நெடுநேரம் அவ்வரைபடத்தையே பார்த்திருந்து, “அப்ப இதிலை நிண்டு கதைக்கலாம் என்ன, ஐயா?” என்று கேட்டார்.

“ஓம் அம்மா, அங்கு நின்று பேசலாம்” என்றேன்.